ராணியைப் பார்க்காதே

மோப்பம் காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் பாலை வைத்தான். பொங்கி வழிவதற்குள் அணைத்தான். இரண்டு டம்ளர்களில் காபி கலந்தான். ஒன்றை மாமனாரின் கட்டிலருகே வைத்தான். ரொட்டியை வாட்டினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தைப் பார்த்துக் குறை சொல்ல ஆள் இல்லை. ஷூ மாட்டினான். பிறகு அலுவலகச் சாவியைத் தேடினான்.

மேசை மேல் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இல்லை. நேற்றுப் போட்ட பேண்ட்டில் இல்லை. சோபா இடுக்கில் கையை விட்டான். ஒரு பேனா மூடி கிடைத்தது.

"மாமா, சாவியைப் பார்த்தீங்களா?"

மாமனார் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தார். வாசல் பக்கம் போனார். சாவியோடு திரும்பி வந்தார்.

"எங்க இருந்துச்சு?"

"இருக்கற இடத்துலதான்."

இதுவும் தினசரி வழக்கம்தான். மோப்பம் அதற்குமேல் கேட்பதில்லை.

மோப்பம் என்பது அவனுக்கு அவன் மனைவி வைத்த பெயர். பெயர் வைத்தவள் போய்விட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. துக்கம் கேட்க ஒரே ஒரு பெட்டியோடு வந்த மாமனாரும் அப்படியே ஒட்டிக்கொண்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நெரிசலில் நின்றவருக்குத் தனியாக உட்கார வராது. மருமகனின் துப்பறியும் நிலையத்தில் தன்னை உதவியாளராகத் தானே நியமித்துக்கொண்டார். ராஜினாமா செய்யும் உத்தேசம் இல்லை.

நிலையம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்தது. தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு பக்கமும் எடுக்க என்ன ஆகும் என்று கேட்பார்கள். அன்று வாசலில் நின்ற பெண்மணி அப்படிக் கேட்கவில்லை. மாமனாரின் வாயை உற்றுப் பார்த்தார்.

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. ராத்திரியில குடையுமே?"

மாமனார் வாயை மூடிக்கொண்டார். அந்தக் காட்சி மோப்பத்துக்குப் புதிது.

"நான் பல் டாக்டர்," என்றார் பெண்மணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஒரு சீட்டு காணாமப் போச்சு. கண்டுபிடிக்கணும்."

"என்ன சீட்டும்மா, சிட் ஃபண்டா?" என்றார் மாமனார், கையால் வாயை மறைத்தபடி.

"விளையாட்டுச் சீட்டு. ஆர்ட்டின் ராணி."

"புதுக் கட்டு ஒண்ணு வாங்கினா ராணி மட்டும் இல்ல, ராஜா, மந்திரி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாருமே கிடைப்பாங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. கதையைச் சொன்னார். குழந்தைகள் வாயைத் திறக்க மறுக்கிறார்கள். ஒரு சீட்டு வித்தை காட்டினால் ஆச்சரியத்தில் தானாகவே திறந்துவிடும், அந்த இடைவெளியில் வேலையை முடித்துவிடலாம் என்று மேஜிக் வகுப்பில் சேர்ந்தார். மாஸ்டரிடம் பழைய ஆர்ட்டின் ராணி ஒன்று உண்டு. அவர் முதன்முதலில் மேடை ஏறியபோது கையில் இருந்த சீட்டு. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்தது. ஒவ்வொரு வகுப்பிலும் நன்றாகத் தேறியவர் அந்த ராணியோடு முதல் மேடை ஏறுவார், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுதான் அங்கே வழக்கம். இந்த முறை டாக்டருக்கு வாய்த்தது.

"நேத்து சாயங்காலம் ஒத்திகை. மாஸ்டர் பெட்டியைத் திறந்து ராணியைக் காட்டினார். மூடி மேசை மேல வெச்சார். வாடகை நாற்காலி வந்திருக்குன்னு கீழ இறங்கிப் போனார். ஹால்ல நானும் இன்ஷூரன்ஸ்காரரும்தான். அவரும் கூடப் படிக்கறவர். கண்ணாடி முன்னாடி நின்னு கையைப் பழக்கிக்கிட்டிருந்தார். மாஸ்டர் திரும்பி வந்து திறந்தா, பெட்டி காலி."

"சோதனை போட்டாங்களா?"

"வாசல்லயே. அவரை மாஸ்டர் சோதிச்சார். என்னைக் கீழ மெத்தைக்கடைப் பொண்ணு சோதிச்சா. சட்டைக் கை, காலர், செருப்பு, கொண்டை, எதையும் விடலை. எங்கெங்க ஒளிக்கலாம்னு சொல்லிக் குடுத்தவரே அவர்தானே."

"அப்ப ராணி இன்னும் ஹால்லதான் இருக்கு."

"ஹாலையே தலைகீழாக் கவுத்துப் பார்த்தாச்சு. திரைச்சீலையைக்கூடக் கழட்டி உதறிட்டோம்." டாக்டர் கைக்குட்டையைச் சுருட்டினார். "இன்னிக்கு சாயங்காலம் நிகழ்ச்சி. ராணி கிடைக்கலைன்னா ரத்து. எடுத்தது யாருன்னு தெரிஞ்சா வகுப்பைவிட்டே நீக்கம். கடைசியாப் பெட்டி பக்கத்துல நின்னது நான். 'நீங்க எடுக்கலைன்னா ஒரு துப்பறியறவரைக் கூட்டிட்டு வந்து நிரூபிங்க'ன்னு மாஸ்டர் சொல்லிட்டார். எங்க மாமியார் வேற ஊர்லேருந்து வந்து இறங்கிட்டாங்க. முதல் வரிசையில உக்காரப் போறாங்க. எனக்குப் புடுங்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னவங்க."

"அது உங்க தொழிலைச் சொன்னாங்களா, குணத்தைச் சொன்னாங்களா?" என்றார் மாமனார்.

"அதைக் கல்யாணம் ஆன நாள்லேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

ஹால் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச் சுவரில் தலை உயரத்தில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரம். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் காலிப் பெட்டி. மூலையில் வாடகை நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மாஸ்டரின் கறுப்புக் கோட்டு ஒரு நாற்காலி முதுகில் தொங்கியது. கோட்டு இல்லாத மாஸ்டர் உறையைக் கழற்றிய தலையணை போல இருந்தார். மீசைக்கு மட்டும் புது மை.

"துப்பறியறவரா?" என்று மோப்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "சட்டையில முன்பக்கம் மட்டும் இஸ்திரி. நல்லது. கூட்டத்துக்கு எந்தக் கோணம் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

இன்ஷூரன்ஸ்காரர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். ஒல்லியானவர். வலது கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. மாமனார் கை குலுக்க நீட்டினார். அவர் இடது கையை நீட்டினார்.

மாமனாரின் கண்கள் மின்னின. டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த காலம் அவருக்குத் திரும்பிவிட்டது.

"வலது கைக்கு என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே."

"வெளிய எடுங்க பார்க்கலாம்."

"எதுக்கு?"

"ஆசையா இருக்கு."

இன்ஷூரன்ஸ்காரர் கையை எடுத்தார். மாவுக்கட்டுப் போட்டதுபோல அது விறைத்து வளைந்திருந்தது. மாமனார் பாய்ந்து புரட்டினார். உள்ளங்கையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"மாப்ளே, கேஸ் முடிஞ்சுது. காபி சாப்பிடப் போலாம்."

மோப்பம் சீட்டை வாங்கிப் பார்த்தான். அது ஜோக்கர்.

"எப்பவும் கையிலயே வெச்சிருப்பேன்," என்றார் இன்ஷூரன்ஸ்காரர், காது சிவந்து. "கை அதை மறக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். சாப்பிடும்போதும் இருக்கும். தூங்கும்போதும் இருக்கும். பாலிசியில இடது கையாலதான் கையெழுத்து போடறேன். ரெண்டு பேர் பயந்து பாலிசியை வாபஸ் வாங்கிட்டாங்க."

"வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையா?"

"கையைப் பிடிச்சா சீட்டுதான் வருதுன்னு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

மாமனார் ஜோக்கரைத் திருப்பிக் கொடுத்தார். அனுதாபத்தோடு அவர் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

மோப்பம் எதையும் தேடவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தேட மாட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"நீங்கதான் தேடியாச்சே. எனக்கு வித்தை எப்படின்னு தெரியாது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

மாஸ்டருக்கு இதைவிட இனிப்பான வேண்டுகோள் இருக்க முடியாது. மாமனாரை மேசைக்கு முன் நிறுத்தினார். கட்டிலிருந்து மேல் சீட்டை உள்ளங்கையில் ஒதுக்குவது எப்படி என்று காட்டினார். சீட்டு இருந்தது. பிறகு இல்லை. கை சும்மா கிடப்பது போலக் கிடந்தது.

"இப்ப நீங்க."

மாமனார் முயன்றார். சீட்டு சட்டைக்குள் போய் வேட்டி வழியாக வெளியே வந்தது.

"பரவாயில்ல, மறைஞ்சுதே," என்றார் மாமனார்.

"எல்லாரும் பார்த்தாங்களே."

"ஆனா எந்த வழியாப் போச்சுன்னு யாருக்கும் தெரியலை. எனக்கே தெரியலை."

"முதல் பாடம் கேட்டுக்குங்க," என்றார் மாஸ்டர். "சீட்டு இருக்கற கையைப் பார்க்காதீங்க. அந்தக் கை திருடன். நீங்க திருடனையே பார்த்துக்கிட்டிருந்தா ஊரே அவனைத்தான் பார்க்கும். சரக்கு எங்க இருக்கோ அங்க கண்ணு போகக் கூடாது. இவங்களுக்கு முதல் நாள்லேருந்து இதைத்தான் கரடியாக் கத்தறேன்."

இன்ஷூரன்ஸ்காரர் தலையாட்டினார். டாக்டரும் தலையாட்டினார்.

மாமனார் மறுபடி முயன்றார். இந்த முறை அவர் தன் கையைப் பார்க்கவில்லை. அத்தனை கவனமாகப் பார்க்காமல் இருந்தார். கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கழுத்து சுளுக்கும் அளவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

"எந்தக் கையில இருக்கு?" என்று மாஸ்டர் மோப்பத்திடம் கேட்டார்.

"இடது கையில."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அதை மட்டும்தான் அவர் பார்க்கலை."

"புதுசாக் கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு," என்றார் மாஸ்டர் பெருமூச்சோடு. "பார்க்காதேன்னா மொத்தமாப் பார்க்க மாட்டாங்க. கையை விட்டு ஓடிடுவாங்க. தொழில்காரன் அப்படி இல்ல. அந்தக் கையையும் பார்ப்பான், சும்மா சுவத்தைப் பார்க்கற மாதிரி. அது வர்றதுக்கு எனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

மோப்பம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதன்பிறகு அவன் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மனிதர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் நிகழ்ச்சியை நினைத்து அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ்காரரும் பார்த்தார், மதியம் யாரையோ சந்திக்க வேண்டுமாம். மாமனார் பார்த்தது பசியினால்.

"மணி என்னங்க?" என்றார் டாக்டர்.

"பதினொண்ணு ஆகப் போகுது," என்றார் இன்ஷூரன்ஸ்காரர், சுவரைப் பார்த்து.

கொஞ்ச நேரம் போயிற்று. மாஸ்டர் சுவரைக் காட்டி, "இந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்திப் போகும். நாற்காலி போடற ஆள் இன்னும் வரலைன்னு பதற வேண்டாம்," என்றார். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அப்புறம் மறுபடி, "இப்ப மணி என்ன இருக்கும்?"

மோப்பம் எழுந்தான். மாமனாரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிப்படிக்குக் கூட்டிப்போனான்.

"தெரிஞ்சுபோச்சு மாமா."

"யாரு? அந்த ஜோக்கரா?"

"ஒரு பொருளை ஒளிச்சு வெச்சவங்க கண்ணு அந்த இடத்துக்குப் போயிக்கிட்டே இருக்கும். அதை வெச்சுதான் நாம பிடிப்போம். ஆனா இங்க ஒளிச்சவங்க வித்தை கத்துக்கறவங்க. அந்தப் பக்கமே திரும்பாம இருக்கப் பழகினவங்க. அதனால எங்க பார்க்கறாங்கன்னு கவனிச்சுப் பிரயோஜனம் இல்ல. எங்க பார்க்கவே மாட்டேங்கறாங்கன்னு கவனிக்கணும். எல்லாரும் பார்க்கற இடம், கண்ணு முன்னாடி இருக்கற இடம், அதை ஒருத்தர் மட்டும் பார்க்கவே மாட்டேங்கறாங்கன்னா, சரக்கு அங்கதான்."

மாமனார் ஏதாவது சொல்வார் என்று மோப்பம் எதிர்பார்த்தான். அவர் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பார்க்காம இருக்கறதே காட்டிக் குடுத்துடுமா மாப்ளே?"

"ஆமா."

"சரி," என்றார் மாமனார். கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். பல்வலி போலிருக்கிறது என்று மோப்பம் நினைத்துக்கொண்டான்.

டாக்டரைப் படிக்கட்டுக்கு வரச் சொன்னான். கதவு திறந்தே இருந்தது. அங்கே நின்றாலும் ஹாலின் சுவர் நன்றாகத் தெரிந்தது.

"டாக்டர், மணி என்ன?"

"தெரியலையே. நான் வாட்ச் கட்டறதில்ல. நாள் முழுக்கக் கை கழுவற பொழப்பு."

"அதனாலதான் கேக்கறேன். வாட்ச் இல்லாதவங்க சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பாங்க. உங்களுக்கு நேரா இருக்கு. காலையிலேருந்து மத்தவங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவைகூட அதைப் பார்க்கலை."

டாக்டர் அப்போதும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"பின்பக்கம் இடுக்குல சொருகியிருக்கீங்களா?"

டாக்டரின் தலை அசைந்தது.

"நல்ல இடம்தான்," என்றான் மோப்பம். "எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்கற பொருளுக்குப் பின்னாடி யாரும் தேட மாட்டாங்க."

மாமனாருக்கு மூச்சு வந்தது. "இருங்கம்மா. திருடினது நீங்க. எங்களைக் கூப்பிட்டதும் நீங்க. பஸ்ல ஏறி, டிக்கெட் வாங்காம, செக்கிங்குக்கும் நீங்களே ஆள் அனுப்பின மாதிரில்ல இருக்கு."

"மாஸ்டர் கூட்டிட்டு வான்னுட்டார். வராம இருந்தா சந்தேகம் உறுதியாயிடும். அதனால…" டாக்டர் தயங்கினார். "ஊர்ல எல்லாத் துப்பறியும் போர்டையும் சுத்திப் பார்த்தேன். உங்க போர்டுலதான் பாதி எழுத்து உதிர்ந்திருந்துச்சு. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன். ரொம்ப நாளா கேஸே வரலைன்னார்."

மோப்பம் அதை விழுங்கினான். மாமனாரும் பங்கு வாங்கிக்கொண்டார்.

"ஏன் எடுத்தீங்க?"

"பயம்." டாக்டரின் குரல் இறங்கியது. "நிகழ்ச்சி நின்னுடணும்னு வேண்டிக்கிட்டேன். நிக்கலை. நானே நிறுத்தலாம்னு பார்த்தேன். எத்தனை பல் எடுத்திருக்கேன், கை நடுங்கினதே இல்ல. ஒரு சீட்டை எடுக்கறப்ப நடுங்குது. மாமியார் முதல் வரிசையில உக்காந்து, உதட்டைச் சுழிச்சு, ஒண்ணுமே சொல்லாம இருப்பாங்க பாருங்க. அந்த மௌனத்துக்கு மயக்க ஊசி கிடையாது." பிறகு கேட்டார். "மாஸ்டர்கிட்ட சொல்லிடுவீங்களா? வகுப்பைவிட்டு அனுப்பிடுவார். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற எதுவும் இப்படிப் பிடிச்சதில்ல."

"நீங்க என் கட்சிக்காரர். கட்சிக்காரரை மாட்டி விடற வழக்கம் எங்களுக்கு இல்ல. ஆனா ரெண்டு நிபந்தனை."

"சொல்லுங்க."

"சாயங்காலம் நீங்க மேடை ஏறணும்."

டாக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு?"

"என் ஃபீஸ். மாமாவோட அந்தப் பல்லை எடுத்து விடணும்."

"என்னைக் கேட்காமலேயே என் பல்லைக் கணக்குல வெக்கறீங்களே மாப்ளே," என்றார் மாமனார்.

ராணியை எடுக்கிற வேலை மாமனாரின் திறமையின்மையால் எளிதாயிற்று. உள்ளே போனதும், தனக்கு வித்தை பிடிபட்டுவிட்டது என்று அறிவித்தார். முழுக் கட்டையும் வாங்கினார். கண்டக்டர் நோட்டுகளைப் பிடிப்பது போல விரல் இடுக்குகளில் சீட்டுகளைச் செருகினார். "எல்லாரும் என் கையைப் பாருங்க," என்றார். ஒரு தும்மல் வந்தது. அது நிஜமா பொய்யா என்று அவரே பிறகு சொல்ல மறுத்துவிட்டார். கட்டு முழுவதும் ஹாலில் பறந்தது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு குனிந்தார். இன்ஷூரன்ஸ்காரர் மண்டியிட்டு இடது கையால் பொறுக்கினார். மோப்பம் கடிகாரத்தின் பின்னால் விரலை விட்டான். மஞ்சள் பூத்த ஓரம் தட்டுப்பட்டது. அடுத்த கணம் அது நாற்காலியில் தொங்கிய கறுப்புக் கோட்டின் உள் பாக்கெட்டில் இருந்தது.

பிறகு அவன் கோட்டைப் பார்த்தான். சும்மா, சுவரைப் பார்க்கிற மாதிரி. கண்ணை எடுத்தான். மறுபடி பார்த்தான்.

"எங்களால முடியலை மாஸ்டர்," என்றான். "ராணி இங்கேயேதான் இருக்கு. உங்களை மீறி எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. அதை மட்டும் சொல்ல முடியும்."

மாஸ்டர் சோகமாகக் கோட்டை எடுத்து மாட்டினார். நிகழ்ச்சி ரத்து என்று கீழே போய் எழுதிப் போட வேண்டும். பேனாவுக்காக உள் பாக்கெட்டில் கை விட்டார். கை நின்றது. முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. சந்தேகம், நிம்மதி, தன் வயதைப் பற்றிய ஒரு சின்னக் கவலை. பிறகு மீசை மெல்ல மேலே ஏறியது.

கை வெளியே வந்தபோது இரு விரல்களுக்கிடையே ராணி இருந்தாள்.

"யாருக்குமே கண்டுபிடிக்கத் தோணலையா?" என்றார் கம்பீரமாக. "இதுதான் கடைசிப் பாடம். உங்க குருவையும் நம்பாதீங்க."

இன்ஷூரன்ஸ்காரர் கண் கலங்கக் கை தட்டினார். ஜோக்கர் கீழே விழுந்தது.

"மாப்ளே," என்றார் மாமனார் மெதுவாக, "இந்த ஆளு நிஜமாவே பெரிய கலைஞன்."

மாலையில் ஹால் நிறைந்தது. டாக்டரிடம் பல் எடுத்துக்கொண்டவர்கள், எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள், மெத்தைக் கடை ஊழியர்கள். முதல் வரிசை நடுவில் மாமியார். நிமிர்ந்த முதுகு, மடியில் கறுப்புக் கைப்பை, உதட்டில் தயாராக ஒரு சுழிப்பு. மோப்பமும் மாமனாரும் ஓர் ஓரத்தில் இடம் பிடித்தார்கள். வித்தைக்காரர்களுக்குப் பிடிக்காத கோணம் அது.

டாக்டரின் வித்தை எளிமையானது. மேசையில் மூடிய பெட்டி. அதற்குள் பழைய ராணி. பார்வையாளர் ஒருவர் வேறொரு கட்டிலிருந்து இஷ்டப்பட்ட சீட்டை எடுப்பார். இஷ்டப்பட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். டாக்டர் விரலால் தள்ளிக் கொடுப்பது ராணியைத்தான். பெட்டியைத் திறந்தால் அங்கேயும் ராணி. கைதட்டல்.

"யாராவது ஒருத்தர் வாங்க," என்றார் டாக்டர்.

யாரும் அசைவதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

டாக்டர் சீட்டுகளை விசிறி போல விரித்தார். விரல் ராணியைத் தள்ளியது. மாமியார் எந்தக் கடையிலும் முன்னால் வைத்த காயை எடுக்காதவர். ராணியை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஓரத்திலிருந்து மோப்பத்துக்குத் தெரிந்தது. கிளாவர் நாலு.

"போச்சு," என்றார் மாமனார். "என் பல்லும் போச்சு."

டாக்டருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் மேடையில் வேறு வழி இல்லை. பெட்டியைத் திறந்தார். பழைய ராணியைத் தூக்கிக் காட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"ஆர்ட்டின் ராணி," என்றார். "உங்க கையில இருக்கறதும்… அதுதானே அத்தை?"

ஹால் காத்திருந்தது. மாமியார் தன் சீட்டைப் பார்த்தார். மருமகளின் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி, பின்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ராணியேதான்."

சீட்டு கைப்பைக்குள் போயிற்று. பை டக்கென்று மூடிக்கொண்டது. அத்தனை பேர் கண்முன்னால், ஒரு கைக்குட்டையைப் போடுவது போல. ஹால் அதிர்ந்தது. டாக்டர் வணங்கவும் மறந்து நின்றார்.

மாமியார் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம், "எங்க வீட்டுல எல்லாருக்கும் கை சுத்தம்," என்றார். நிகழ்ச்சி முடியும்வரை மருமகளைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், கூரையைக்கூடப் பார்த்தார். மடியிலிருந்த கைப்பையை மட்டும் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்து சீட்டுகளை அடுக்கும்போது மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"கட்டுல ஒண்ணு குறையுதே. துப்பறியறவரே, கொஞ்சம் பார்க்கறீங்களா?"

"அந்தக் கேஸ் எங்களுக்கு வேண்டாம்," என்றான் மோப்பம்.

மறுநாள் காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பாலைப் பொங்குவதற்குள் அணைத்தான். இரண்டு காபி. ரொட்டி. சட்டையின் முன்பக்கம். ஷூ. மேசை மேல் சாவி இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இல்லை. சோபா இடுக்கில் பேனா மூடிகூட இல்லை.

"மாமா, சாவியைப் பார்த்தீங்களா?"

மாமனார் எழுந்திருக்கவில்லை. காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மாடிப்படியில ஒண்ணு சொன்னீங்களே மாப்ளே. கண்ணு முன்னாடி இருக்கற இடம், பார்க்கவே மாட்டாங்கன்னு."

"ஆமா."

"நீங்க போட்ட இடத்துலேருந்து சாவியை எடுத்து நான் தினமும் ஒரே இடத்துலதான் மாட்டறேன். நான் இங்க வந்த நாள்லேருந்து. நீங்க வீடு முழுக்கத் தேடுவீங்க. சோபாவுக்குள்ளயெல்லாம் தேடுவீங்க. அங்க மட்டும் திரும்ப மாட்டீங்க. நானும் கண்டுக்காம எடுத்துக் குடுத்துடுவேன்." காபியை ஊதினார். ஆறிப்போன காபி. "இன்னிக்கு நீங்களே எடுத்துக்குங்க."

மோப்பம் நின்றான். பிறகு வாசல் கதவுப் பக்கம் திரும்பினான்.

கதவுக்குப் பக்கத்தில், அவன் கண் உயரத்தில், ஒரு பலகை. அதில் ஆணிகள். அவன் மனைவி அடித்தவை. ஒன்று கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் ஆணியில் அலுவலகச் சாவி தொங்கியது. அடுத்ததில் பூப்போட்ட குடை. அவளுடைய கடைசி நாளன்று மழை வரும் போல இல்லை. அதனால் குடையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். போகிற வழியில் சாலையில் விபத்து. குடை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மோப்பம் குடையைப் பார்த்தான். ஒரு மடிப்பில் தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்தான். பிறகு சாவியை எடுத்தான்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"நான் கேட்டதே இல்ல. நீங்களும் சொன்னதில்ல. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க, நீங்க ஒண்ணுமில்லைன்னுட்டீங்க. அன்னிக்குக் கிளம்பறப்ப எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல மாமா."

"சின்னதாவே சொல்லுங்க."

மோப்பம் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அன்று காலையிலும் அவன் சோபா இடுக்கில் கை விட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். நேரமாகிவிட்டது அவளுக்கு.

"'சாவி ஆணியிலதான் தொங்குது, மோப்பம். கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு எனக்கு யாரு ஃபீஸ் தருவா?'"